நுண்பைகளைப் பிரித்தெடுத்தல்: இரத்தப் புற்றுநோய் ஆய்வில் முதல் ஒரு மணி நேரம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்திருப்பது நெய்யாற்றின்கரை வட்டம். அவ்வட்டத்தைச் சேர்ந்த பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கிருந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிருவாகத்தைப் பிரித்ததேயன்றி மக்களின் போக்குவரத்தைப் பிரிக்கவில்லை. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இவ்வூர்களில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்னும் ஐயம் எழுந்தால், எல்லையின் இருபுறத்தாரும் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். 1981-இல் தோற்றுவிக்கப்பட்ட இம்மையம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்குகிறது. அதே நகரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமும், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் உள்ளன.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இப்பயணத்திற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் பலவற்றிற்கு இக்கால தாமதம் பெரும் இடையூறன்று. ஆனால் இரத்தப் புற்றுநோய் ஆய்வில் இன்று முக்கியத்துவம் பெற்றுவரும் ஒரு துறைக்கு இந்த ஒரு மணி நேரமே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதாக அமைகிறது. உயிரணுக்கள் வெளிவிடும் நுண்பைகளை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் துறையே அது. அதன் முறைகளையும், அம்முறைகள் எல்லைக் கிராமத்து மருத்துவமனையிடம் எதிர்பார்ப்பவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நுண்பைகள் யாவை?

உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் மெல்லிய கொழுப்புச் சவ்வினால் சூழப்பட்ட நுண்ணிய பைகளை வெளிவிடுகின்றன. எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிகிள் என ஆய்வாளர் குறிப்பிடும் இவற்றை உயிரணுப் புறநுண்பைகள் எனலாம்; சுருக்கமாக நுண்பைகள் என்போம். தம்மைத் தோற்றுவித்த உயிரணுவின் புரதங்கள், கொழுப்புகள், ஆர்.என்.ஏ. இழைகள் ஆகியவற்றின் ஒரு பகுதியை இவை சுமந்து செல்கின்றன.

தோற்றத்தைக் கொண்டு இவற்றை மூவகைப்படுத்துவர். உயிரணுவின் உள்ளறைகளில் உருவாகி வெளிவரும் எக்சோசோம்கள் பெரும்பாலும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுடையவை. உயிரணுவின் புறச்சவ்வே புடைத்துப் பிரிவதால் உண்டாகும் நுண்பைகள் ஏறத்தாழ 100 முதல் 1,000 நானோமீட்டர் வரை இருக்கும். மடியும் உயிரணு சிதைவதால் தோன்றும் துண்டுகள் இவற்றினும் பெரியனவாக இருக்கக்கூடும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், அளவை மட்டும் கொண்டு இது எக்சோசோம் என்று உறுதி கூற இயலாது.

இத்துறையின் வரலாறு இரத்த ஆய்விலேயே தொடங்குவது கருதத்தக்கது. 1946-இல் சார்காஃப், வெஸ்ட் ஆகிய இருவரும் பிளாஸ்மாவை அதிவேகமாகச் சுழற்றியபோது, இரத்தம் உறைவதற்குத் துணைபுரியும் பொருளொன்று அடியில் படிவதைக் கண்டனர். 1967-இல் பீட்டர் வுல்ஃப் என்பார் இரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிவரும் நுண்துகள்களை ஆராய்ந்து, அவற்றைத் தட்டணுத் தூசி என்று குறித்தார். 1983-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு குழுவினர், முதிர்ச்சியடையும் சிவப்பணுக்கள் வேண்டாத புரதங்களை நுண்பைகளில் இட்டு வெளியேற்றுவதைத் தனித்தனியே கண்டறிந்தனர். அவற்றுள் கனடாக் குழுவைச் சேர்ந்த ரோஸ் ஜான்ஸ்டோன் 1987-இல் எக்சோசோம் என்னும் பெயரை இவற்றுக்கு வழங்கினார். நெடுங்காலம் உயிரணுவின் கழிவு என்றே கருதப்பட்ட இவை ஆர்.என்.ஏ.வைச் சுமந்து சென்று மற்றோர் உயிரணுவிடம் சேர்க்கின்றன என்பதை 2007-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட பின்னரே உலகின் கவனம் இவற்றின்மீது திரும்பியது.

இரத்தப் புற்றுநோயில் இவற்றின் பங்கு

இரத்தப் புற்றுநோய் ஒரே நோயன்று. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகும் திடீர் வகை, மெல்ல வளரும் நாள்பட்ட வகை, நிணநீர்க் கணுக்களைப் பற்றும் லிம்போமா, எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களில் தோன்றும் மைலோமா எனப் பல பிரிவுகள் உண்டு. இவற்றுள் பலவற்றை உறுதி செய்யவும், சிகிச்சையின் பயனை அறியவும் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுக்க வேண்டியுள்ளது. வலி மிகுந்த இச்சோதனையை, குறிப்பாகக் குழந்தைகளிடம், அடிக்கடி செய்வது எளிதன்று.

நோயுற்ற அணுக்களும் நுண்பைகளை இரத்தத்தில் விடுகின்றன. எனவே கைநரம்பில் எடுக்கும் சில மில்லிலிட்டர் இரத்தத்தைக் கொண்டே மஜ்ஜையின் நிலையை ஓரளவு அறியலாம் என்பது ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. மேலும், இந்நுண்பைகள் நோயின் போக்கிலும் பங்கு கொள்கின்றன. திடீர் மைலாய்டு வகை நோயாளிகளின் இரத்தத்திலுள்ள நுண்பைகள், புற்றணுக்களை அழிக்கவல்ல இயற்கைக் கொல்லி அணுக்களின் ஆற்றலைக் குன்றச் செய்கின்றன என 2011-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

எனினும், நுண்பைச் சோதனை மஜ்ஜைச் சோதனைக்கு மாற்றாக இன்னும் ஏற்கப்படவில்லை. அது ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவு மற்றோர் ஆய்வுக்கூடத்தின் முடிவுடன் பல வேளைகளில் ஒத்துவராமையே இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விலையுயர்ந்த கருவிகளால் விளைவதன்று; இரத்தம் எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இரத்தம் எடுக்கும் கட்டம்

நலமுள்ள ஒருவரின் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 15 கோடி முதல் 40 கோடி வரை தட்டணுக்கள் உள்ளன. காயத்தை அடைப்பதே இவற்றின் பணியாதலால், ஊசியின் உரசல், குலுக்கல், குளிர்ச்சி ஆகிய எதுவும் இவற்றைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட தட்டணு நுண்பைகளைச் சொரிகிறது. குழாயில் அடைத்த இரத்தம் பேருந்தில் குலுங்கிச் செல்லுமாயின், ஆய்வுக்கூடத்தை அடையும்போது அதில் இருப்பவற்றுள் எவை நோயாளியின் உடலில் இருந்தவை, எவை வழியில் பிறந்தவை என்று பிரித்தறிய இயலாது.

நோயாளிகளின் இரத்தத்தில் இச்சிக்கல் இருமடங்காகிறது. நாள்பட்ட மைலாய்டு வகையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டுவதுண்டு. இவை குழாயில் நெடுநேரம் கிடந்தால் சிதைந்து துண்டுகளாகின்றன. மறுபுறம், சிகிச்சை பலித்து மஜ்ஜை தேறும்போது தட்டணுக்களின் எண்ணிக்கை உயரும். அதனால் நுண்பைகளும் பெருகக்கூடும். தட்டணு எண்ணிக்கையை உடன் குறிக்காத ஆய்வாளர், நோயாளி நலம்பெறுவதை நோய் முற்றுவதாகப் பிழைபட உணர இடமுண்டு.

ஆகவே கீழ்க்கண்ட ஒழுங்குகள் இன்றியமையாதவை:

1. நோயாளியின் உடல்நிலை இடங்கொடுத்தால், உணவு உண்ணும் முன் இரத்தம் எடுத்தல் நலம். உணவுக்குப்பின் இரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துகள்கள் நுண்பைகளையொத்த அளவுடையவை.

2. கையில் கட்டும் இறுக்குப் பட்டையை நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. மிக மெல்லிய ஊசியையும் தவிர்த்தல் வேண்டும். ஊசி தோலைத் துளைத்தவுடன் வரும் முதற்பகுதி இரத்தத்தை வேறு சோதனைக்கு ஒதுக்கிவிடலாம்.

3. உறையவிட்டுப் பெறும் சீரத்தைவிட, உறையாமல் காத்த பிளாஸ்மாவே பொதுவாகச் சிறந்தது. உறையும்போது தட்டணுக்கள் ஏராளமான நுண்பைகளை வெளிவிடுகின்றன.

4. உறைதடுப்பியாகச் சிட்ரேட் பெரிதும் கையாளப்படுகிறது. ஹெப்பாரின், ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். சோதனைக்கு இடையூறு செய்வது. எதைத் தேர்ந்தாலும் ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே வகைக் குழாயைப் பயன்படுத்த வேண்டும்.

5. குழாயை நிமிர்த்தி, குலுக்காமல், அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு என்று தோன்றினும் இங்குத் தீமையே செய்யும். குளிர்ச்சி தட்டணுக்களைத் தூண்டும்.

6. இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். இரத்தம் எடுத்த நேரமும் பிரித்த நேரமும் குழாயின் மீதும் பதிவேட்டிலும் குறிக்கப்பட வேண்டும்.

இருமுறைச் சுழற்சி

பிளாஸ்மாவைப் பிரிக்க, இரத்தத்தை மையவிலக்குப் பொறியில் 2,500 ஜி விசையில் 15 நிமிடங்கள் சுழற்றி, மேல்நீர்மத்தைத் தனிக்குழாயில் எடுத்து, மீண்டும் அதே அளவில் சுழற்றுவது பெருவழக்கான முறை. ஜி என்பது புவியீர்ப்பு விசையின் மடங்கு. அடியில் படிந்ததை அசைக்காதிருக்கும்பொருட்டு, மேல்நீர்மத்தில் சிறிதளவை விட்டுவிட்டே எடுத்தல் வேண்டும்.

இரண்டாம் சுழற்சி வீண்வேலை என்று எண்ணலாகாது. ஒரே சுழற்சிக்குப் பின் பிளாஸ்மாவில் எஞ்சும் தட்டணுக்கள், உறைநிலையில் வைத்துப் பின் இளக்கும்போது உடைந்து துண்டுகளாகும். அதன்பின் எத்தகைய நுட்பமான கருவியாலும் அத்துண்டுகளை நீக்க இயலாது. இருமுறை சுழற்றப்பட்ட பிளாஸ்மாவைச் சிறு குப்பிகளில் பங்கிட்டு, கழிவெப்பநிலை 80 பாகை செல்சியசில் வைத்துக் காக்கலாம். ஒரு குப்பியை ஒருமுறைக்குமேல் இளக்கலாகாது.

இங்கு மாணவர்கள் தெளிவு பெறவேண்டிய ஒரு கணக்கு உண்டு. பொறியின் முகப்பில் தெரிவது நிமிடச் சுற்றுகளின் எண்ணிக்கை, விசை அன்று. விசையை அறிய, சுழலியின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, நிமிடச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118 என்னும் மாறிலியால் மீண்டும் பெருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள பொறியில் 3,000 சுற்றுகள் ஏறத்தாழ 1,006 ஜி விசையையே தரும். 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள பொறியில் அதே 3,000 சுற்றுகள் 1,509 ஜி தரும். 2,500 ஜி வேண்டுமாயின் முன்னதற்கு ஏறத்தாழ 4,730 சுற்றுகளும், பின்னதற்கு 3,860 சுற்றுகளும் தேவை. 3,000 சுற்றுகள் என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு குறிப்பை இரு மருத்துவமனைகள் பின்பற்றினால், இரண்டு வேறு பொருள்களே கிடைக்கும்.

பிரித்தெடுக்கும் முறைகள்

பிளாஸ்மாவிலிருந்து நுண்பைகளைப் பிரிக்கும் முறைகள் அளவு, எடை, அடர்த்தி, புறப்பரப்புப் புரதம் ஆகிய பண்புகளுள் ஒன்றையோ பலவற்றையோ அடிப்படையாகக் கொண்டவை.

முதலாவது, படிப்படியான மையவிலக்கு முறை. 300 ஜி, 2,000 ஜி, 10,000 ஜி எனப் படிப்படியாக விசையை உயர்த்தி, உயிரணுக்களையும், சிதைவுகளையும், பெரிய நுண்பைகளையும் அடுத்தடுத்து நீக்குவர். இறுதியில் 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் சுழற்றினால் சிறு நுண்பைகள் அடியில் படியும். 1920-களில் சுவீடன் அறிஞர் ஸ்வெட்பெரி உருவாக்கிய மீவேக மையவிலக்கியின் வழிவந்த கருவியே இதற்குப் பயன்படுகிறது. நெடுங்காலம் இதுவே அடிப்படை முறையாக விளங்கியது. ஆனால் கருவி விலையுயர்ந்தது. பிளாஸ்மா கெட்டியான நீர்மமாதலால் அதனை உப்புக்கரைசலால் நீர்த்தல் வேண்டும். மிகுந்த விசையால் நுண்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், புரதக் கட்டிகள் உடன் படிவதும் குறைகளாகும்.

இரண்டாவது, அடர்த்திப் படுகை முறை. சுக்ரோஸ் அல்லது அயோடிக்சனால் கரைசலைக் கீழே அடர்த்தி மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்குமாறு அடுக்கி, அதில் மாதிரியை இட்டு நெடுநேரம் சுழற்றுவர். ஒவ்வொரு துகளும் தன் அடர்த்திக்கு ஏற்ற மட்டத்தில் வந்து நிற்கும். சுக்ரோசில் எக்சோசோம்கள் மில்லிலிட்டருக்கு 1.13 முதல் 1.19 கிராம் அடர்த்தியில் நிற்பதாகக் கணக்கிட்டுள்ளனர். தூய்மை மிகுதி, விளைச்சல் குறைவு, காலமும் கைத்திறனும் வேண்டும்.

மூன்றாவது, அளவுவழி நிறப்பிரிகை. நுண்துளைகள் கொண்ட செஃபரோஸ் மணிகள் நிரப்பிய நெடுங்குழலில் பிளாஸ்மாவை மேலிருந்து ஊற்றுவர். சிறிய புரதங்கள் மணிகளின் துளைகளுக்குள் நுழைந்து சுற்றித் தாமதமாக வெளிவரும். துளைகளில் நுழைய இயலாத நுண்பைகள் மணிகளின் இடைவெளி வழியே முன்னதாக வெளிவந்துவிடும். 0.5 மில்லிலிட்டர் அளவில் அடுத்தடுத்துக் குப்பிகளில் சேகரித்து, நுண்பைகள் மிகுந்த குப்பிகளைத் தேர்ந்தெடுப்பர். புவியீர்ப்பாலேயே இயங்குவதால் நுண்பைகள் நசுங்குவதில்லை, பெருங்கருவியும் தேவையில்லை. சிக்கன வசதியுடைய ஆய்வுக்கூடங்களுக்கு இது ஏற்றது.

நான்காவது, வீழ்படிவு முறை. பாலி எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளைச் சேர்த்தால் நுண்பைகள் குறைந்த விசையிலேயே படிந்துவிடும். வைரசுகளைச் செறிவாக்கக் கையாண்டு வந்த உத்தி இது. எளிது; விளைச்சல் மிகுதி. ஆனால் எதிர்ப்பொருள்களும் பிற புரதங்களும் உடன் படியும். எதிர்ப்பொருள் புரதம் அளவுகடந்து பெருகியிருக்கும் மைலோமா நோயாளியின் பிளாஸ்மாவில் இக்குறை பெரிதாகும்.

ஐந்தாவது, எதிர்ப்பொருளால் கவரும் முறை. காந்த மணிகளின்மீது எதிர்ப்பொருளைப் பூசி, அதற்குரிய புரதத்தைத் தாங்கிய நுண்பைகளை மட்டும் பிடித்து எடுப்பர். சி.டி.9, சி.டி.63, சி.டி.81 ஆகியவை பலவகை நுண்பைகளில் காணப்படும் புரதங்கள். இரத்தப் புற்றுநோய் ஆய்வில் இம்முறைக்குத் தனிச்சிறப்பு உண்டு. திடீர் மைலாய்டு வகையில் சி.டி.34, பி-அணு வகைகளில் சி.டி.19, மைலோமாவில் சி.டி.138 என நோயணுவுக்குரிய அடையாளத்தைக் கொண்டு, தட்டணுத் தூசியின் நடுவிலிருந்து நோயணுவின் நுண்பைகளைத் தனித்து எடுக்க முயலலாம். செலவு மிகுதி. அந்த அடையாளம் இல்லாத நோயணுக்களின் நுண்பைகள் கைதப்பிப் போகும்.

இவையன்றி, குறிப்பிட்ட அளவுத் துளைகளையுடைய சவ்வுகளால் வடிகட்டும் முறையும், கண்ணாடிச் சில்லு போன்ற தகட்டில் மயிரிழைக் கால்வாய்கள் அமைத்துப் பிரிக்கும் முறையும் வளர்ந்து வருகின்றன.

எம்முறையும் தனித்து நிறைவானதன்று என்பதற்குக் கொழுப்புப்புரதங்களே சான்று. பிளாஸ்மாவில் இவை நுண்பைகளைவிடப் பன்மடங்கு மிகுதி. அவற்றுள் மிகு அடர்த்தி வகை, அடர்த்தியில் நுண்பைகளை ஒத்தது. ஆனால் உருவில் மிகச் சிறியது. குறை அடர்த்தி வகைகளுள் பெரியவை, உருவில் நுண்பைகளை ஒத்தவை; ஆனால் இலேசானவை. எனவே அடர்த்திப் படுகை முன்னதை விட்டுவிடும். அளவுவழி நிறப்பிரிகை பின்னதை விட்டுவிடும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போதே இரு வகைக் கலப்பும் பெரிதும் குறைகிறது.

சரிபார்த்தல்

பிரித்தெடுத்தவை நுண்பைகளே என்று எண்பித்தல் ஆய்வாளரின் கடமை. 2011-இல் தோன்றிய பன்னாட்டுப் புறநுண்பை ஆய்வுச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் பெயர்தாங்கிய நெறிகளை இதற்காக வெளியிட்டுள்ளது. துகள்களின் எண்ணிக்கையும் அளவும் அளக்கப்பட வேண்டும். மின்னணு நுண்ணோக்கியில் உருவம் காணப்பட வேண்டும். சவ்வுப் புரதம் ஒன்றும் உட்புரதம் ஒன்றும் உள்ளன என்று காட்டுவதுடன், கொழுப்புப்புரதம் போன்ற கலப்புகள் எவ்வளவு என்றும் காட்ட வேண்டும். தோற்றம் உறுதிப்படாதபோது எக்சோசோம் என்று அழைக்காமல் நுண்பை என்னும் பொதுப்பெயரையே வழங்க வேண்டும் என்பதும் அந்நெறிகளின் அறிவுரை.

எல்லை ஊர்களில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மீவேக மையவிலக்கியும் மின்னணு நுண்ணோக்கியும் நகரத்தில் ஓரிடத்தில் இருந்தால் போதும். ஆனால் முதல் இரு சுழற்சிகள் நோயாளி இரத்தம் கொடுக்கும் இடத்திலேயே நடைபெற வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகள் போன்ற நிலையங்கள் ஆய்வில் பங்குபெற வேண்டுமாயின், அவற்றுக்குத் தேவைப்படுவன சில: ஆரம் குறித்து வைக்கப்பட்ட சாதாரண மையவிலக்குப் பொறி, ஒரே வகைக் குழாய்கள், பிளாஸ்மாவை உறையவைத்து அனுப்ப உலர்பனிப் பெட்டி, மின்தடையின்போது பொறியை இயக்க மாற்று ஏற்பாடு, பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர். இவ்வசதி இல்லாதவிடத்து இரத்தத்தை அனுப்புவதைவிட, நோயாளி சிகிச்சைக்காக நகரம் செல்லும் நாளில் அங்கேயே இரத்தம் எடுத்தல் மேல்.

இதற்கு மாறாக, எல்லை ஊர்களின் மாதிரிகள் பழுதாகின்றன என்று அவற்றை ஆய்விலிருந்து நீக்கிவிடுவது எளிய வழி. ஆனால் அதன் விளைவு என்ன? மருத்துவமனைக்கு அருகில் வாழ்வோரின் இரத்தத்தைக் கொண்டே அளவுகோல் வகுக்கப்படும். பின்னாளில் அச்சோதனை நடைமுறைக்கு வரும்போது, தொலைவிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கும் நெசவாளிக்கும் அந்த அளவுகோல் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியதாகிவிடும். மஜ்ஜை ஊசியின் வலியினின்றும், அடிக்கடி நகரம் செல்லும் செலவினின்றும் விடுதலை மிகுதியும் தேவைப்படுவோர் அவர்களே.

ஒப்புதல் பெறுதலும் இங்குத் தனிக் கவனத்திற்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட தேசிய அறநெறிகளின்படி, ஆய்வுக்கு இரத்தம் தருவோர் தமக்குப் புரியும் மொழியில் விவரம் அறிந்து ஒப்புதல் தர வேண்டும். ஆதலால் இவ்வூர்களில் ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருத்தல் வேண்டும். இது ஆய்வுக்கான இரத்தம், இதன் முடிவைக் கொண்டு சிகிச்சை மாற்றப்படாது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

நமது நிலைமைக்கேற்ற கருவியை நாமே உருவாக்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. கண்ணாடிக் குப்பிகளுக்கு மாற்றாக இரத்தம் சேமிக்கும் நெகிழிப் பைகளை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கியதும், 1980-களில் அத்தொழில்நுட்பம் திருவனந்தபுரத்திலேயே தொழிற்சாலை உற்பத்திக்கு வந்ததும் அறியப்பட்ட செய்தி. அன்று பைக்குள் இரத்தத்தைக் கெடாமல் காத்தல் நோக்கமாக இருந்தது. இன்று இரத்தத்துள் இருக்கும் பைகளைக் கெடாமல் எடுத்தல் நோக்கம். இம்முயற்சியில் பாறசாலை மருத்துவமனையின் உதவியாளர் பதிவேட்டில் எழுதும் இரு நேரங்களும், நகரத்து ஆய்வாளரின் கருவி தரும் எண்களுக்கு ஈடான மதிப்புடையவை. மாவட்ட சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் அலுவலர்கள் இதனை நினைவிற் கொள்வாராயின், எல்லை ஊர்களின் நோயாளிகளும் இவ்வாய்வில் உரிய இடம் பெறுவர்.